அருவிக்குப் போகும் வழியில் ஷூ அடி கழன்றது!

வணக்கம் நண்பர்களே. இன்று நின்று பேச முடியவில்லை, தரையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். தொடை இரண்டும் கல்லாகக் கிடக்கின்றன. ஏறியதால் வந்த வலி இல்லை இது, இறங்கியதால் வந்தது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, அதனால் மறுநாள்தான் வலி முழுதாகத் தெரியும். ஆனால் அருவியைப் பார்த்துவிட்டோம்! போன வருடம் பாதியில் திரும்பி வந்தேனே, அதே அருவிதான். ஐந்து பேர் கிளம்பினோம், ஐந்து பேரும் போய்ச் சேர்ந்தோம்.

அருவிக்கு முன்னால் ஷூ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மூன்றாவது கிலோமீட்டர். ஓடையைத் தாண்டி ஏறினால் வலது காலில் ‘சளக் சளக்’ என்று சத்தம். குனிந்து பார்த்தேன், குதிகால் பக்கம் அடிப்பாகம் வாயைத் திறந்துகொண்டு தொங்குகிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கிய ஷூ, பத்து தடவைகூடப் போட்டிருக்க மாட்டேன். துடைத்து, பெட்டியில் போட்டு, பத்திரமாக வைத்திருந்தேன். அப்படிப் பத்திரமாக வைத்ததுதான் வினையாகிவிட்டது! நிறைய மலையேற்ற ஷூக்களில் அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற நுரை மாதிரியான பிளாஸ்டிக். காற்றில் இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. போட்டு நடக்காமல் மூடி வைத்தாலும் அது நிற்பதில்லை. மேலே தோல் புதுசு போலவே இருக்கும், உள்ளே பழைய ஸ்பாஞ்ச் மாதிரி பொலபொலவென்று உதிரும். இதை ஏன் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போடக் கூடாது? அதுதான் எனக்குக் கோபம்.

சரி, என்ன செய்தோம்? நம் வீடியோக்களைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், தண்ணீர் பாட்டிலில் எப்போதும் நான்கைந்து சுற்று துணி டேப் சுற்றி வைத்திருப்பேன். அதைப் பிரித்தேன், ஒட்டவில்லை. ஷூ முழுக்க ஈரம். உலர்ந்த பனியனால் அழுத்தித் துடைத்து, மறுபடி சுற்றினேன். ஒட்டியது! ஆனால் பாறையில் உரசினால் டேப் அரை மணி நேரம் தாங்காது. அதனால் மாற்று லேஸை எடுத்து, முன்பாதத்தில் ஒரு சுற்று, நடுவில் ஒரு சுற்று, மேலே முடிச்சு. முடிச்சைக் கீழே போட்டால் மிதிபட்டே அறுந்துவிடும். அடுத்த ஓடை வரை நடந்து பார்ப்போம், தாங்காவிட்டால் எல்லோரும் திரும்புவோம் என்று பேசிக்கொண்டோம். மீதி பதினொரு கிலோமீட்டரும் தாங்கியது. மொத்த நடையிலேயே எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

அட, கிளம்பிய நேரத்தைச் சொல்லவே இல்லையே. காலை 5.45. போக ஏழு கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அப்படிப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். எங்களுக்கு நாலே கால் மணி ஆனது. வழுக்குப் பாறையும் ஓடையும் அந்தக் கணக்கில் வராது, ஷூ கட்டிய நேரமும் வராது. எங்களில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவரையே முன்னால் விட்டோம். இது நல்ல பழக்கம், யாரும் பின்தங்கித் தனியாக நிற்க நேராது.

அப்புறம் அருவி. கடைசித் திருப்பத்துக்கு முன்னாலேயே சாரல் முகத்தில் அடித்தது. மேலே கெட்டிப் பாறை, கீழே இருக்கிற மென்பாறையைத் தண்ணீர் அரித்து உள்ளே குடைந்திருக்கிறது. அதனால் அருவி பாறையைத் தொடாமல் திரை மாதிரி விழுகிறது. திரைக்குப் பின்னால் ஒரு பாசித் திட்டு, அதன் ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது. விழாமல்! சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றபோது சாரலில் வானவில்லும் தெரிந்தது.

குளித்தீர்களா என்று கேட்பீர்கள். அருவி விழுகிற இடத்தில் இறங்கவே இல்லை. அங்கே தண்ணீரில் பாதிக் காற்று, நுரை உடம்பைத் தாங்காது, சுழல் உள்ளே இழுத்துவிடும். மடுவின் கடைசியில், கணுக்கால் ஆழத்தில், கால் நனைத்தோம்.

ஒரே வெறுப்பு, பக்கத்துப் பாறையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்ட கூட்டம். இவ்வளவு தூரம் ஏறி வந்து அருவிச் சத்தத்தைக் கேட்காமலா? அழகு மட்டுமில்லை விஷயம். மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே சத்தம் மாறும், தண்ணீர் கலங்கிச் சருகு வரும். அதைக் காது கேட்க வேண்டும். நாங்கள் நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

இதோ, இது இடது ஷூ. இது கழலவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து, நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்துகிறேன், பாருங்கள். விரிசல் விடுகிறதா? இதுவும் போய்விட்டது. உங்கள் அலமாரியில் இருப்பதையும் இதே மாதிரி அழுத்திப் பார்த்துவிட்டு, என்ன ஆனது என்று கீழே எழுதுங்கள்.