ஆடிப்பட்டமும் குழந்தைகள் நூலகரும்

(தேசிய நூலகர் தினத்தையொட்டி, கிளை நூலக வாசகர் வட்டம் நடத்திய விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கின்ற நகர்மன்றத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய வட்டாரக் கல்வி அலுவலர் அம்மையார் அவர்களே, நூலகப் புரவலர்களே, நூலகர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

வரி வசூல் கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு நேரே இங்கு வந்திருக்கிறார் நகர்மன்றத் தலைவர். அதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வரிக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவைப் பின்னால் சொல்கிறேன். பரிசுக்கு எவர்சில்வர் தம்ளர் வழங்கியிருக்கும் பாத்திரக் கடை ஐயா, சென்ற ஆண்டு இரண்டு மின்விசிறி வாங்கித் தந்தவர். அந்தக் காற்றில்தான் இப்போது பேசுகிறேன். அவருக்கும், ஒலிபெருக்கிக்குப் பணம் வாங்க மறுத்த தம்பிக்கும் என் நன்றி.

ஆடிப்பெருக்கு முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம் பாட்டன்மார் சொன்னார்கள். இந்திய நூலக அறிவியலின் தந்தை சீர்காழி இரா. அரங்கநாதன் பிறந்த நாளாக நாம் கொண்டாடும் ஆகஸ்ட் 12 ஆடி மாதத்தில் வருவது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே தோன்றும். பயிருக்குப் பட்டம் உண்டென்றால் படிப்புக்கும் பட்டம் உண்டு. அது ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை.

இன்று மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, நூலக இயக்கத்தின் வரலாறு. இரண்டு, குழந்தைகள் நூலகர் செய்யும் வேலை. மூன்று, எந்த நூல்களை வாங்க வேண்டும் என்பது.

அரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, அந்த வேலையைக் கற்றுவர லண்டனுக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் கிராய்டன் பொது நூலகத்தின் தலைவராக இருந்த பெர்விக் சேயர்ஸ். குழந்தைகள் நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று தனி நூலே எழுதியவர் அவர். நம்மவர் திரும்பி வந்து 1931-இல் ஐந்து விதிகளை எழுதினார். 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பது முதல் விதி. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் என்றால் ஏழு வயது வாசகருக்கும்தானே? அதே 1931-இல் பக்கத்து மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். வண்டியை ஓட்ட ஒருவர் போதும். நூலை எடுத்து, இது உனக்கு என்று நீட்ட இன்னொருவர் வேண்டும். நான் பேசவந்தது அந்த இன்னொருவரைப் பற்றி.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஆசிரியராக இருந்த ஓர் ஊரில் கிளை நூலகம் ஒன்று இருந்தது. ஓட்டுக் கட்டடம், வாடகை இடம். நூலகராக ஓர் அம்மையார் வந்தார். வந்த வாரமே குழந்தை நூல்கள் இருந்த பீரோவைத் திறந்து, நூல்களை எல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றினார். சன்னலோரம் ஒரு கோரைப்பாய் விரித்தார். அவ்வளவுதான் செலவு. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி மாலையில் வருவாள். இடுப்பில் தம்பி. அவனைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை, படிப்பு அதற்கிடையில். ஒரு நாள் அவள் கதையில் மூழ்கியிருந்தபோது தம்பி இன்னொரு நூலை எடுத்து ஒரு பக்கத்தைக் குறுக்கே கிழித்துவிட்டான். அந்தப் பெண்ணின் முகம் எப்படி மாறியது தெரியுமா? அழக்கூட இல்லை. தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். நான்கு நாள் வரவில்லை.

அம்மையார் என்னிடம் கேட்டார், "ஐயா, அந்தப் பிள்ளை எந்தத் தெரு?" சொன்னேன். அவரே வீட்டுக்குப் போய், "நாளைக்கு வா, எனக்கு ஓர் உதவி வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அந்தப் பெண் பயந்துகொண்டே வந்தாள். மேசையில் ஒரு கொட்டாங்கச்சியில் மைதாப் பசை, பக்கத்தில் நீளமாக வெட்டிய மெல்லிய தாள். கிழிந்த ஓரங்களை எழுத்து மறையாமல் எப்படிச் சேர்ப்பது, பசையை விரல் நுனியில் எவ்வளவு எடுப்பது, மேலே கல் வைத்து எவ்வளவு நேரம் காயவிடுவது என்று சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் பசைக் கொட்டாங்கச்சியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சன்னல் திட்டில் வரிசையாக நூல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். தான் ஒட்டிய நூலைத்தான் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் வீட்டுக்கு எடுத்துப் போனது. ஆடிப்பட்டம் தேடி விதைத்தவர் அந்த அம்மையார்.

பிறகு அவருக்கு மாறுதல் வந்தது. அடுத்து வந்தவர் பீரோவைப் பூட்டினார். பிள்ளைகள் சில நாள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வரவில்லை. நான் போய்க் கேட்டேன். "ஐயா, பட்டியலில் உள்ள நூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். கதவைத் திறந்து கூட்டிப் பெருக்கி, பதிவேடு எழுதி, நாளிதழ் கோத்து வைப்பதும் நான் ஒருவன்தான்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. குழந்தையைக் கவனிப்பது அவர் வேலை என்று யாரும் அவரிடம் எழுதிக் கொடுத்ததில்லை. அம்மையார் செய்ததும் யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி ஓர் ஊர்ப் பிள்ளைகளின் வாசிப்பை விட்டுவைக்கலாமா? அதற்கென்று ஒரு பதவி வேண்டும் என்று அன்று முதல் சொல்லி வருகிறேன்.

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பார்க்கக் கண் கோடி வேண்டும். நம்மூர்ப் பிள்ளை கோட்டூர்புரத்துக்கு எந்தப் பஸ்ஸில் போகும்? இங்கே வாசிப்பறை முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும். அவர்களுக்கு அமைதி வேண்டும், அது நியாயம். பிள்ளை என்றால் வாய்விட்டுத்தான் படிக்கும், சிரிக்கும், அதுவும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் நிற்க ஓர் ஆள் தேவை. 'பொது அறிவு நூல் கொடுங்கள்' என்று கேட்கும் தகப்பனாரிடம், 'இந்த வாரம் இந்தக் குரங்குக் கதையே இருக்கட்டும்' என்று பக்குவமாகச் சொல்லவும் அதே ஆள் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கையில் பொடி எழுத்து நூலைக் கொடுத்தால் அது மறுபடி இந்தப் பக்கம் வராது. அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வது ஒரு தொழில், பயிற்சி கொடுத்துக் கற்பிக்க வேண்டிய தொழில்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் இந்தச் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அந்தச் சட்டத்தின்படி வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நாம் கட்டுகிறோம். குடிசைக்காரரும் கட்டுகிறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார். நகர்மன்றத் தலைவர் அவர்களே, அந்தக் காசு முழுதும், காலத்தில், நூலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்று இந்த மேடையிலேயே தங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பட்டம் தப்பினால் நட்டம். நீர் வந்த பிறகு விதை தேடக் கூடாது.

எந்த நூல்களை வாங்குவது என்ற மூன்றாவது செய்தியை நூலக வார விழாவில் பேசுகிறேன், பரிசுக்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இந்த நூலகத்துக்குக் குழந்தைகள் நூலகர் பணியிடம் ஒன்று கேட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். பெரியவர்கள் கையெழுத்திடுங்கள். பிள்ளைகளுக்கென்று கீழே தனியாக இடம் விட்டிருக்கிறோம், உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். நன்றி, வணக்கம்.