காசு கொடுத்துக் காவல் வைக்க வேண்டுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

"சிபில் பார்த்தார்கள், கடன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்." என் வீட்டுத் திண்ணையில் வாரத்துக்கு இரண்டு முறையாவது இதைக் கேட்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். பாம்பன், மண்டபம், உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து கையில் ஒரு காகிதத்தோடு ஆட்கள் வருவார்கள். உட்கார வைத்து, வரி வரியாகப் படித்துச் சொல்வேன்.

இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது. "அக்கா, ஆண்டுச் சந்தா கட்டினால் நம்முடைய கடன் கணக்கை இரவும் பகலும் கண்காணிப்பார்களாம். செல்போனில் விளம்பரம் வருகிறது. கட்டலாமா?" இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரையில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தச் சந்தா தேவையில்லை. அதில் கிடைக்கிற முக்கியமானது எல்லாம் வேறு வழியில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வழி பலருக்குத் தெரியாததுதான் என் வருத்தம்.

நாம் எல்லாவற்றையும் 'சிபில்' என்கிறோம். உண்மையில் அது ஒரு கடன் தகவல் நிறுவனத்தின் பெயர். நாம் வாங்கிய கடனையும் கட்டிய விதத்தையும் சேர்த்து வைத்து, அறிக்கையாகவும் மதிப்பெண்ணாகவும் தருவதுதான் அதன் வேலை. நம் நாட்டில் இப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். 2005ஆம் ஆண்டு இயற்றிய ஒரு சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கி இவற்றை மேற்பார்வையிடுகிறது. வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ நீங்கள் கடன் வாங்கினால் இந்த நான்கு பேருக்கும் தகவல் போகும். வங்கியில் நகையை வைத்து வாங்கிய கடனும் அதில் ஏறும். தண்டல்காரரிடமும் கந்து வட்டிக்காரரிடமும் வாங்கியது ஏறாது. மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் ஏறாது. அந்தக் கடன்களை எந்தச் சந்தாவும் கண்காணிக்காது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால், நம் ஊரில் குடும்பத்தைச் சாய்த்த கடன்களில் பாதி இந்த வகைதான். நான் கண்ணால் பார்த்தவற்றை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் கரையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு தெரியாதவர் இருக்க முடியாது. பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் ஏற்றினார்கள், மூன்றாம் எண் ஏற்றினார்கள் என்று கேட்டவுடன் மனம் படகை நோக்கி ஓடும். கூண்டு தகவல் சொல்லும். ஆனால் உங்கள் படகைக் கரைக்கு இழுத்துக் கட்டாது. கட்டுவது உங்கள் கைதான். கண்காணிப்புச் சேவையும் அப்படித்தான். உங்கள் பெயரில் ஏதோ நடந்திருக்கிறது என்று சொல்லும். நடப்பதைத் தடுக்காது. தகவல் சொல்வது வேறு, தடுப்பது வேறு. விளம்பரத்தில் 'பாதுகாப்பு' என்ற சொல்லைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். விசைப்படகில் வேலை செய்கிற பாம்பன் பையன். மீன் ஏற்றிப் போக ஒரு சரக்கு ஆட்டோ வாங்க வேண்டும் என்று மூன்று ஆண்டாகச் சேமித்தவன். கடனுக்கு மனுப் போடும்முன் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமே என்று ஓர் ஆண்டுக் கண்காணிப்புச் சந்தாவும் கட்டினான். கவனமான பிள்ளை. ஒரு நாள் இரவுத் தொழிலுக்குப் போய் விடியற்காலை கரை திரும்பிச் செல்போனைத் திறந்தால், "உங்கள் பெயரில் புதிய கடன் கணக்கு ஒன்று சேர்ந்துள்ளது" என்று செய்தி. பதினெட்டாயிரம் ரூபாய், செல்போன் வாங்கிய தவணைக் கடன். இவன் வாங்கவில்லை. குளிக்கக்கூடச் செய்யாமல், கடல் உப்போடு நேராக என் திண்ணைக்கு வந்தான்.

"பாருங்கள் அக்கா, காசு கட்டியதால்தானே தெரிந்தது" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் முதலில் பட்டது. பிறகு அவனுடைய செல்போனில் பழைய குறுஞ்செய்திகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தோம். பன்னிரண்டு நாளுக்கு முந்தைய தேதியில், ரீசார்ஜ் விளம்பரத்துக்கும் சீட்டாட்ட விளம்பரத்துக்கும் நடுவில், ஒரு செய்தி கிடந்தது. இன்ன நிதி நிறுவனம் உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தது என்ற செய்தி. அது இலவசமாக வந்தது. அவன் படிக்கவில்லை.

நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. கடன் கொடுக்கிறவர் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், பார்த்த செய்தியை அந்தக் கடன் தகவல் நிறுவனம் உங்களுக்குக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்ப வேண்டும். காசு கேட்கக் கூடாது. 2024 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பையன் சந்தா கட்டியது ஒரு நிறுவனத்தில். திருடனுக்குக் கடன் கொடுத்தவர் அறிக்கை பார்த்தது வேறொரு நிறுவனத்தில். அதனால் அறிக்கையை ஒருவர் கேட்டுப் பார்த்தது சந்தாக் காவலருக்குத் தெரியவே இல்லை. கடன் கொடுத்து முடிந்து, கணக்கு நான்கு பேருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவரிடமிருந்து செய்தி வந்தது. கடன் கொடுத்தவர்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது கணக்கை அனுப்ப வேண்டும் என்பது 2025 ஜனவரியில் வந்த விதி. அந்த இடைவெளியில் இலவசச் செய்தி முந்திக்கொண்டது. காசு கொடுத்த செய்தி பிந்தி வந்தது.

சரி, தெரிந்த பிறகாவது சந்தாக்காரர்கள் சரி செய்து கொடுத்தார்களா? "நீங்களே புகார் பதிவு செய்யுங்கள்" என்றார்கள். புகார் பதிவு செய்வது இலவசம். நானும் அவனும் உட்கார்ந்து நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் எழுதினோம். இருபத்தாறு நாளில் அந்தக் கணக்கு நீங்கியது. அவனுடைய ஆதார் ஜெராக்ஸும் ஓடிபி எண்ணும் எப்படி வெளியே போயின என்று பார்த்தால், சிம் மாற்றப் போன ஒரு கடையில் கொடுத்திருக்கிறான். எந்தக் கண்காணிப்பும் அந்த ஜெராக்ஸைத் திரும்பப் பிடுங்கித் தந்திருக்காது.

ஆகவே அந்தக் குறுஞ்செய்திகளைப் படியுங்கள். உங்கள் செல்போன் எண் வங்கியில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் ஒரே ஆள் நான்கு சிம் மாற்றுகிறார். பழைய எண்ணுக்குச் செய்தி போனால் யாருக்கு லாபம்?

இப்போது பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வேலைக்காலம் முழுவதும் மனத்தை அரித்த விஷயம் இது. வட நாட்டுப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. ஆதாரில் 'மு. அந்தோணி', பான் அட்டையில் 'அந்தோணி முனியசாமி', வங்கிப் புத்தகத்தில் 'அந்தோணி மு' என்று ஒரே மனிதர் மூன்று மனிதராக நிற்பார். கல்யாணம் ஆன பெண்ணுக்குத் தகப்பன் எழுத்து ஓரிடத்தில், கணவன் எழுத்து இன்னோரிடத்தில். அதோடு நம் கரையில் ஒரே தெருவில் மூன்று அந்தோணி, கீழக்கரைப் பக்கம் போனால் ஒரே தெருவில் ஐந்து முகமது.

நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் ஒரே பெயரும் ஒரே எழுத்தும் கொண்ட இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி கடலில் பாசி எடுக்கிறவள். மகளிர் குழுக் கடனை ஒரு தவணை பிசகாமல் கட்டினவள். இன்னொருத்தியின் நிலுவை இவள் கணக்கில் ஏறிவிட்டது. தவறு எங்கள் பக்கம்தான். மகளின் படிப்புக் கடனுக்குப் போய் நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடி கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுத்துக் கையெல்லாம் பாறையில் கிழிந்திருக்கும் பெண், "நான் யாரையும் ஏமாற்றவில்லை சார்" என்று மேலாளரிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. திருத்த நான்கு மாதம் ஆனது. அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது.

இப்படிப்பட்ட தவறைக் கண்டுபிடிக்க நாளும் காவல் தேவையில்லை. அறிக்கையை நிதானமாக ஒரு முறை படித்தால் போதும். பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, அதற்குப் பிறகு கணக்குகள். நீங்கள் வாங்காத கணக்கு இருக்கிறதா? கட்டி முடித்த கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறதா? 'முடிந்தது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சமரசமாகத் தீர்த்தது' என்று இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பேரம் பேசிக் குறைத்துக் கட்டிய கடன் இரண்டாவது பெயரில் பல ஆண்டுகள் அங்கேயே நிற்கும். அடுத்த வங்கிக்காரர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

முழு அறிக்கை இலவசம். 2017 முதல் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை மதிப்பெண்ணோடு சேர்த்து இலவசமாகத் தர வேண்டும். நான்கு நிறுவனம், ஆளுக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு நான்கு முறை. மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் செய்கிற முறையைச் சொல்கிறேன். பொங்கல் முடிந்ததும் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் அல்லவா, வலை சரி பார்க்க உட்காரும்போது இரண்டாவது. ஆடிக் காற்று வீசும்போது மூன்றாவது. தீபாவளிக்கு முன் நான்காவது. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே நேராகப் போங்கள். அங்கும் சந்தாப் பக்கம்தான் பெரிதாகக் கண்ணில் படும். இலவச அறிக்கை என்ற இணைப்பைத் தேடி அழுத்துங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. இந்தப் பயம் பலருக்கு இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், குறையாது. பல கடன் நிறுவனங்களில் அடுத்தடுத்து மனுப் போட்டால்தான் அது மதிப்பெண்ணைப் பாதிக்கும்.

இலவச மதிப்பெண் காட்டும் செயலிகளும் உண்டு. அவர்களுக்கு வருமானம் கடன் விற்பதிலிருந்து வருகிறது. பார்த்த மறுநாள் கடன் வேண்டுமா என்று அழைப்பு வரும். அதை அறிந்து பயன்படுத்துங்கள்.

யாருக்குத்தான் சந்தா பொருந்தும் என்று கேட்பீர்கள். ஒரு முறை மோசடிக்கு ஆளாகி, ஆவணங்கள் இன்னும் யாரிடமோ இருக்கின்றன என்ற நிலையில் உள்ளவர் சில மாதங்களுக்குக் கட்டலாம். வீட்டுக் கடனுக்கு மனுப் போடும்முன் மதிப்பெண் ஏறுகிறதா என்று மாதந்தோறும் பார்க்க விரும்புகிறவரும் கட்டலாம். அரபு நாட்டில் இருந்துகொண்டு இங்குள்ள செல்போன் எண் செயலிழந்துபோனவருக்கு மின்னஞ்சலில் வரும் தகவல் உதவும். இவர்களும், அந்தச் சேவை ஒரே நிறுவனத்தைப் பார்க்கிறதா, நான்கையும் பார்க்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும். ஆண்டு முடிந்தால் தானாகவே பணம் எடுப்பார்களா என்றும் கேளுங்கள்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து காட்டுகிறார்கள். ஜாமீன் கையெழுத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது. மச்சானுக்காகப் போட்ட ஜாமீன் உங்கள் அறிக்கையிலும் ஏறும், அதை மட்டும் இப்போது சொல்லிவைக்கிறேன். மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறேன் என்று கட்டணம் கேட்பவரிடம் போகாதீர்கள். உண்மையான நிலுவையை யாராலும் அழிக்க முடியாது. பொய்யான நிலுவையை நீங்களே இலவசமாக நீக்கலாம். புகார் கொடுத்து முப்பது நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உரியது. அப்போதும் நடக்கவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். எண் 14448. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930. எழுதிக்கொள்ளுங்கள், ஒன்று நான்கு நான்கு நான்கு எட்டு. ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம். வணக்கம்.