ஜூலன் கோஸ்வாமி: 255 விக்கெட்டுகளும் 12 டெஸ்ட்களும்

வணக்கம். இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி மகளிர் ஒருநாள் போட்டிகளில் 204 ஆட்டங்கள் ஆடி 255 விக்கெட் வீழ்த்தியவர். 2022ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்ற நாளில், இந்த வகைப் போட்டியில் 200 விக்கெட்டைத் தொட்ட வேறொருவர் உலகில் இல்லை. திரையில் தெரியும் அட்டவணையின் அடுத்த வரியையும் தயவுசெய்து படியுங்கள்: டெஸ்ட் ஆட்டங்கள் 12, விக்கெட்டுகள் 44, சராசரி 17.36. விக்கெட் ஒன்றுக்கு 18 ரன்கூடக் கொடுக்காத ஒருவருக்கு 20 ஆண்டுகளில் 12 டெஸ்ட் ஆட்டங்கள் மட்டுமே ஏன் கிடைத்தன என்ற கேள்வியோடுதான் இவருடைய ஆட்ட வாழ்க்கையை நாம் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: வங்காள வரைபடத்தில் சாக்தஹாவும் கொல்கத்தாவும்]

மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் உள்ள சாக்தஹாவில் 1982 நவம்பர் 25 அன்று ஜூலன் பிறந்தார். 1997 டிசம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய மகளிர் உலகக் கோப்பை இறுதிப்போட்டி நடந்தபோது, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தெடுத்துக் கொடுத்த சிறுமிகளுள் அவரும் ஒருவர். அன்று ஆஸ்திரேலியாவுக்காகப் பந்துவீசியவர்களில் கேத்ரின் ஃபிட்ஸ்பாட்ரிக் என்பவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முறையான பயிற்சி பெற வேண்டுமானால் கொல்கத்தாவுக்குத்தான் போக வேண்டும் என்பதால், விடியற்காலை ரயிலேறி, 60 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, விவேகானந்தா பூங்காவில் பயிற்சியாளர் ஸ்வபன் சாதுவிடம் ஜூலன் பந்துவீசக் கற்றார். 2002 ஜனவரி 6 அன்று, 19 வயதில், சென்னையில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் இந்திய அணிக்காக முதன்முதலாகக் களமிறங்கினார்.

அவருடைய பந்துவீச்சைச் சற்று நின்று கவனிப்போம். மகளிர் கிரிக்கெட்டில் பயன்படும் பந்து சுமார் 140 முதல் 151 கிராம் வரை எடையுள்ளது. ஆடவர் பந்தைவிடச் சிறியது, எடையும் குறைவு. ஆடுகளத்தின் நீளம் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே 22 கெஜம்தான். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி வீசக்கூடிய, ஏறத்தாழ ஆறடி உயரமுள்ள ஒருவர், கையை நன்றாக உயர்த்திப் பந்தை விடும்போது, மட்டையாளர் எதிர்பார்த்ததைவிட உயரமாக அது எழும். இருந்தாலும் ஜூலனின் உண்மையான பலம் வேகத்தில் இல்லை என்பதே என் கணிப்பு. முன்னங்காலில் ஆடுவதா, பின்னங்காலில் ஆடுவதா என்று மட்டையாளரைத் தயங்க வைக்கும் அந்தக் குறுகிய இடத்தில், தையல் நிமிர்ந்த நிலையிலேயே பந்தை மீண்டும் மீண்டும் தரையிறக்குவார். ஒருநாள் போட்டிகளில் அவர் வீசிய பந்துகள் 10,005. ஓவருக்குக் கொடுத்த ரன் 3.37. புதுப் பந்தோடு தொடக்கத்திலும், அடித்தாட மட்டையாளர்கள் துணியும் கடைசி ஓவர்களிலும் வீசிய ஒருவரின் கணக்கு இது என்பதால்தான் அந்த 3.37 என்னை வியக்க வைக்கிறது.

[காட்சி: டவுன்டன் மைதானம்]

இத்தகைய பந்துவீச்சு முழு வலிமையோடு வெளிப்படும் இடம் டெஸ்ட் ஆட்டம். 2006ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில், லெஸ்டர் டெஸ்டில் நைட் வாட்ச்மேனாக (நாளின் முடிவில் முன்னணி மட்டையாளரைக் காக்க முன்கூட்டியே அனுப்பப்படுபவராக) இறங்கி 69 ரன் எடுத்த ஜூலன், அடுத்து டவுன்டனில் முதல் இன்னிங்ஸில் 33 ரன்னுக்கு 5 விக்கெட்டும், இரண்டாம் இன்னிங்ஸில் 45 ரன்னுக்கு 5 விக்கெட்டும் எடுத்தார். ஒரே டெஸ்டில் 10 விக்கெட் வீழ்த்திய முதல் இந்திய வீராங்கனை அவரே. அந்த டவுன்டன் டெஸ்டில் பெற்ற வெற்றியின் மூலம் இங்கிலாந்து மண்ணில் இந்திய மகளிர் அணி முதன்முறையாக டெஸ்ட் தொடரைக் கைப்பற்றியது. அப்போது அவருக்கு 23 வயது.

அவருடைய அடுத்த டெஸ்ட் 2014 ஆகஸ்டில்தான் நடந்தது. அப்போது அவருக்கு 31 வயது. ஒரு வேகப்பந்து வீச்சாளரின் உடல் மிகுந்த வலுவோடு இருக்கும் அந்த எட்டு ஆண்டுகளில் இந்திய மகளிர் அணி ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் 2006ஆம் ஆண்டில்தான் இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தோடு இணைந்தது. பணமும் வசதியும் உள்ள அமைப்பின் கீழ் வந்த பிறகே டெஸ்ட்கள் நின்றுபோயின என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ஒருநாள், இருபது ஓவர் போட்டிகளிலேயே உலக அளவில் வாரியங்கள் கவனம் செலுத்தின என்பது உண்மைதான். அதனால் இழப்பு சிறிதாகிவிடாது. 2014இல் இரண்டு டெஸ்ட்கள் நடந்த பின், மீண்டும் 2021 வரை இடைவெளி. முதல் ஐந்தாண்டுகளுக்குள் எட்டு டெஸ்ட் ஆடிய ஜூலனுக்கு, எஞ்சிய 16 ஆண்டுகளில் கிடைத்தவை நான்கு மட்டுமே.

ஆகவே அவருடைய புகழ் ஒருநாள் போட்டிகளில் வளர்ந்தது. 2007ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான, ஐசிசி எனப்படும் சர்வதேச கிரிக்கெட் மன்றத்தின் விருதைப் பெற்றார். 2008 முதல் சில ஆண்டுகள் அணிக்குத் தலைமை தாங்கினார். 2017 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் போச்செஃப்ஸ்ட்ரூமில் தன் 181ஆவது விக்கெட்டை எடுத்தபோது, அதுவரை உலகச் சாதனையாக இருந்த 180ஐத் தாண்டினார். அந்தச் சாதனைக்கு உரியவர் கேத்ரின் ஃபிட்ஸ்பாட்ரிக்.

[காட்சி: 2017 உலகக் கோப்பை]

அதே ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதி என்றாலே ஹர்மன்பிரீத் கௌர் எடுத்த ஆட்டமிழக்காத 171 ரன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியத் தலைவி மெக் லேனிங்கை ரன் எடுக்கவிடாமல் ஜூலன் போல்டாக்கிய பந்துக்கும் அதே மரியாதை உரியது. லார்ட்ஸில் நடந்த இறுதிப்போட்டியில், 146 ரன்னுக்கு 3 விக்கெட் என்று நிலைத்திருந்த இங்கிலாந்து அணியில் சாரா டெய்லரையும் ஃபிரான் வில்சனையும் அடுத்தடுத்த பந்துகளில் வெளியேற்றி, பிறகு நடாலி சிவரையும் வீழ்த்தினார். 10 ஓவர், 3 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 23 ரன், 3 விக்கெட். 229 ரன்னைத் துரத்திய இந்தியா 3 விக்கெட்டுக்கு 191 என்ற நிலையிலிருந்து 219க்குச் சுருண்டு, 9 ரன்னில் கோப்பையை இழந்தது.

2018இல் இருபது ஓவர் போட்டிகளிலிருந்து விலகிய ஜூலன், 2022 செப்டம்பர் 24 அன்று அதே லார்ட்ஸில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். இந்தியா 169 ரன்தான் எடுத்திருந்தது. அதைக் காக்க வேண்டிய கட்டாயத்தில், 39 வயதில், 10 ஓவர்களையும் முழுமையாக வீசி 30 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்தார். 16 ரன்னில் வென்ற இந்தியா தொடரை 3-0 எனக் கைப்பற்றியது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு டெஸ்ட் அட்டவணையும் மாறியது. 2023 டிசம்பரில் இங்கிலாந்தோடும் ஆஸ்திரேலியாவோடும், 2024 ஜூன் இறுதியில் சென்னையில் தென்னாப்பிரிக்காவோடும் ஆடிய இந்தியா, மூன்று டெஸ்ட்களிலும் வென்றது. ஜூலன் இப்போது மகளிர் பிரீமியர் லீக்கில் மும்பை இந்தியன்ஸ் அணியின் பந்துவீச்சாளர்களுக்குப் பயிற்சி அளிக்கிறார். 2025 நவம்பரில் நவி மும்பையில் இந்திய மகளிர் அணி முதன்முறையாக உலகக் கோப்பையை வென்ற இரவில், ஹர்மன்பிரீத்தும் அவருடைய அணியினரும் அந்தக் கோப்பையை ஜூலனிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.