நேர்காணலுக்குச் சான்றோடு போங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் பலர் முதலில் தேடுவது, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் அடங்கிய ஒரு பட்டியலை. இரவெல்லாம் கண்விழித்து அதை உருப்போடுவார்கள். "கடுமையாக உழைப்பேன், எல்லாரோடும் ஒத்துப்போவேன், புதிதாகக் கற்றுக்கொள்ள ஆர்வம் உண்டு." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை வைத்து அவர் மதிப்பெண் போட முடியாது.

மதிப்பெண் என்பதைச் சும்மா சொல்லவில்லை. பல நிறுவனங்கள் இப்போது கட்டமைத்த நேர்காணல் நடத்துகின்றன. வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. விடைக்கு 1 முதல் 5 வரை என்பதுபோல மதிப்பெண். எப்படிப்பட்ட விடைக்கு 1, எப்படிப்பட்ட விடைக்கு 5 என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட, ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதைக் கணிக்கக் கட்டமைத்த நேர்காணலே மேல் என்று தெரிந்தது. 2022இல் பால் சாக்கெட் என்ற உளவியலாளரின் குழுவினர் அந்தக் கணக்குகளை மறுபடி சரிபார்த்தபோது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் பல முறைகளின் மதிப்பு இறங்கிவிட்டது. கட்டமைத்த நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது.

வேலை தேடுபவருக்கு இதனால் என்ன? எதிரே இருப்பவர் கையில் பேனா இருக்கிறது. அவர் எழுதிக்கொள்ளும்படி ஏதாவது சொல்ல வேண்டும். நீங்கள் செய்த ஒரு காரியம், அதன் அளவு, அதன் விளைவு. தயாரிப்பு என்றால் இவற்றைத் தேடி எடுத்து வைப்பதுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

வேலை விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள். அதைத் தாளில் அச்செடுத்து, என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் இடங்களில் அடிக்கோடு போடுங்கள். கட்டாயம் வேண்டும் என்பதும், இருந்தால் நல்லது என்பதும் வேறு வேறு, பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்கும் திறமை. வலப்பக்கம் அந்தத் திறமை உங்களிடம் இருப்பதைக் காட்டும் உண்மைச் சம்பவம். ஆறு முதல் எட்டுச் சம்பவங்கள் போதும், ஒரே சம்பவம் இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பொருந்தும். முதல்முறை வேலைக்குப் போகிறவர்கள் எதை எழுதுவது என்று மலைக்க வேண்டாம். கல்லூரித் திட்டப்பணி, விழா ஏற்பாடு, பகுதிநேர வேலை, வீட்டுத் தொழிலில் பார்த்த கணக்கு எல்லாமே சம்பவங்கள்தான். வலப்பக்கம் எங்காவது காலியாக இருந்தால், அந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று எண்ணி, அந்தக் குறையை எப்படி ஈடுகட்டப் போகிறீர்கள் என்பதை அங்கே எழுதுங்கள்.

சம்பவத்தைச் சொல்லவும் ஒரு வரிசை உண்டு. நிலைமை என்ன, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. பலர் சறுக்குவது முதல் பகுதியில். நிலைமையை விளக்கவே ஒன்றரை நிமிடம் போய்விடும். தாம் செய்ததைச் சொல்ல வரும்போது கேட்பவரின் கவனம் கலைந்திருக்கும். நிலைமைக்கு இரண்டு வாக்கியம் போதும். பாதி நேரத்துக்கு மேல் நீங்கள் செய்ததற்கே போக வேண்டும்.

கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். "சிக்கல் வந்தபோது எப்படிக் கையாண்டீர்கள்?" என்பது கேள்வி. "கணக்கில் நிறைய குழப்பம் இருந்தது, நாங்கள் எல்லாரும் சேர்ந்து சரிசெய்தோம்" என்றால் அதில் உங்களைக் காணவில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாதக் கடைசியில் 40 பொருள்களில் பதிவேடும் கையிருப்பும் ஒத்துப்போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு. இரண்டு வாரப் பதிவுகளை நேரத்தோடு ஒப்பிட்டேன். வெளியே போகும் சரக்கை அப்போதே பதிந்தோம், உள்ளே வரும் சரக்கை மாலையில் மொத்தமாகப் பதிந்தோம். அந்த இடைவெளியில்தான் பிழை. சரக்கு இறங்கும் இடத்திலேயே பதியும்படி மாற்றக் கேட்டு, மேலாளரின் ஒப்புதல் வாங்கினேன். மூன்றாம் மாதம் வித்தியாசம் 5 பொருளாகக் குறைந்தது." வாய்விட்டுச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எழுதிக்கொள்ள எத்தனை செய்திகள் இருக்கின்றன பாருங்கள்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "நான்" என்று சொல்லக் கூச்சப்பட்டு "நாங்கள்" என்றே பேசுகிறவர்கள் நம்மில் அதிகம். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் குழு செய்தது எது, நீங்கள் செய்தது எது என்று பிரித்துச் சொல்லாவிட்டால், நீங்கள் அதில் எதுவும் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. மற்றவர்களின் பங்கை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு உங்கள் பங்குக்கு வாருங்கள். எண்களைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். "அதை எப்படி அளந்தீர்கள்?" என்பது அடுத்த கேள்வியாக வரும்.

பிறகு ஒத்திகை. மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். "வந்து", "ஆக்சுவலா", "அதாவது" எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். விடை இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் குறையுங்கள். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் முழுவதும் நின்றுவிடும். நான்கு நிலைகளையும் எண்களையும் மட்டும் நினைவில் வையுங்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது பெரும்பாலும் முதல் கேள்வி. பிறந்த ஊர், பெற்றோர், பள்ளி என்று தொடங்க வேண்டாம். இப்போது என்ன செய்கிறீர்கள், அதற்கு முன் எது உங்களை இந்த வேலைக்குத் தயாராக்கியது, ஏன் இங்கே வர விரும்புகிறீர்கள் என்ற மூன்றையும் 60 முதல் 90 விநாடிக்குள் சொல்லுங்கள். உங்கள் தற்குறிப்பை அவர்கள் முன்னால் வைத்திருப்பார்கள். அதன் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. எப்போதோ பழகிய மென்பொருளையோ மொழியையோ அதில் எழுதியிருந்தால், ஒன்று தூசி தட்டுங்கள், இல்லாவிட்டால் விண்ணப்பிக்கும் முன்பே நீக்கிவிடுங்கள். இடையில் வேலையில்லாத மாதங்கள் இருந்தால் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் கற்றதைச் சொல்லுங்கள். நீட்டி விளக்கினால் அதுவே பேச்சாகிவிடும்.

குறை என்ன என்று கேட்டால், "நான் எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்யப் பார்ப்பேன், அதுதான் குறை" என்று சொல்லாதீர்கள். கேட்பவர் அதை நம்புவதில்லை. உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். அது அந்த வேலையின் உயிர்நாடியாக மட்டும் இருக்கக்கூடாது. சரிசெய்ய என்ன செய்துவருகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்கும்போது, பழைய மேலாளர் மீது நியாயமான வருத்தம் இருந்தாலும் அங்கே இறக்கி வைக்க வேண்டாம். கேட்பவருக்கு ஒரு பக்கம்தான் தெரியும். நாளை தம்மைப் பற்றியும் இப்படிப் பேசுவாரோ என்றுதான் தோன்றும்.

விடை தெரியாத கேள்வி வரும். சுற்றி வளைத்தால் அடுத்த இரண்டு கேள்விகளில் வெளிப்பட்டுவிடும், அதுவரை நீங்கள் சொன்ன உண்மைகளின் மீதும் ஐயம் விழும். "இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இப்படித் தொடங்குவேன்" என்று வழியைச் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லையா, திரும்பக் கேளுங்கள். யோசிக்க ஐந்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நெடுநேரம் போலத் தோன்றும், எதிரே இருப்பவருக்கு அப்படி இராது. குழுவாக அமர்ந்திருந்தால் கேள்வி கேட்டவரைப் பார்த்துத் தொடங்கி, மற்றவர்களையும் பார்த்து, கேட்டவரிடமே முடியுங்கள். பேசாமல் எழுதிக்கொண்டிருப்பவரும் மதிப்பெண் போடுகிறார்.

காணொளி நேர்காணலில் தவறுகிறவை சின்னச் சின்ன விஷயங்கள். சன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும்; வெளிச்சம் முன்னால் வேண்டும். கேமரா கண் மட்டத்துக்கு வர மடிக்கணினிக்கு அடியில் நாலைந்து புத்தகங்களை வையுங்கள். ஒலி தாமதமாகப் போய்ச் சேரும், ஆகவே கேள்வி முடிந்து ஒரு விநாடி கழித்துப் பேசுங்கள். இணையம் துண்டிக்கப்பட்டால் தொடர்பு கொள்ள, நடத்துபவரின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

நேரில் போவதென்றால் முதல்நாளே வழியை உறுதி செய்துகொள்ளுங்கள். வரவேற்பில் 10, 15 நிமிடம் முன்னால் நின்றால் போதும். முக்கால் மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் பதற்றம். உடுத்தப் போகும் உடையை ஒருமுறை உடுத்தி, உட்கார்ந்து பாருங்கள். நிற்கும்போது சரியாக இருப்பது உட்காரும்போது இறுக்கும். மூலச் சான்றிதழ்களையும் நகல்களையும் அவர்கள் கேட்டிருக்கும் வரிசையிலேயே அடுக்குங்கள்.

சம்பளப் பேச்சுக்கு, அதே வேலைக்கு வெளியே என்ன தருகிறார்கள் என்று முன்பே விசாரித்து வையுங்கள். இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று சொல்லலாம். ஆனால் கீழ் எண் உங்களுக்கு உண்மையிலேயே கட்டுப்படியாக வேண்டும். அதைத்தான் தருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் என்ன முடிந்திருந்தால் இந்த வேலை நன்றாக நடக்கிறது என்பீர்கள், இந்த இடம் ஏன் காலியானது, நான் யாரிடம் பொறுப்புச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகளின் விடை உங்களுக்குத்தான் அதிகம் தேவை. முன்பிருந்தவர் பதவி உயர்ந்து போனாரா, ஆறே மாதத்தில் விட்டுவிட்டுப் போனாரா என்பதை வேலைக்குச் சேரும் முன்பே தெரிந்துகொள்ளலாம். முடிவை எப்போது சொல்வார்கள் என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள், கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் எழுதி வையுங்கள். மறுநாளைக்குள் நன்றி சொல்லி ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு வரி போதும். அவர்கள் சொன்ன நாள் கடந்து இரண்டு மூன்று வேலைநாள் ஆகியும் தகவல் இல்லையென்றால் ஒருமுறை கேட்கலாம். இல்லை என்று விடை வந்தால், எந்த இடத்தில் பலம் போதவில்லை என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால், நடுவில் கோடு போட்ட அந்தப் பழைய தாளை எடுத்து, உரிய வரிக்கு எதிரே அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.