அந்த மூன்று மணி நேரம் எங்கே போனது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இருபது வருடமாகக் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர். ஒருநாள் மத்தியானம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வருடக் கணக்கு முழுவதையும் அடித்தார். முடிக்கப்போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் யூபிஎஸ் கிடையாது. அவர் வைத்திருந்த மென்பொருளும் தானாகச் சேமிக்காத பழைய ரகம். கரண்ட் வந்து பார்த்ததும் கடைக்கு ஓடி வந்தார். "தம்பி, நான் அடிச்சதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்கும்? எப்படியாவது எடுத்துக் குடுத்துருப்பா" என்றார்.

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் இல்லை என்பதைப் பெட்டியைத் திறந்து காட்டிச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் ஊரில் அந்த முழுப் பெட்டியையும் சிபியு என்கிறோம். உண்மையில் சிபியு என்பது உள்ளே மின்விசிறிக்கு அடியில் இருக்கும், தீப்பெட்டியை ஒட்டிய அளவுள்ள ஒரு சில்லு. கணக்குப் போடுவது அதுதான். பிராசஸர் என்றாலும் அதுவே. அது உட்கார்ந்திருக்கும் பெரிய பலகை மதர்போர்டு. மூலையில் இருக்கும் தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை உள்ளே தேவைப்படும் 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருகிறது. பலகையில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரியும் இருக்கும். அது தீர்ந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பல இணையதளங்கள் திறக்காது. நெட் வரவில்லை என்று தூக்கிக்கொண்டு வந்த சிலருக்கு அந்த பேட்டரியை மாற்றித்தான் அனுப்பியிருக்கிறேன்.

இனி அக்காவின் கணக்குக்கு வருவோம். நீங்கள் 'அம்மா' என்று அடிக்கிறீர்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு என்ற பொது முறையில் அடித்த தமிழை, யுடிஎஃப்-8 என்ற வடிவத்தில் எழுதும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ஆக, அம்மாவுக்கு 15 பைட். ஒரு பைட் என்பது எட்டு பிட். ஒரு பிட் என்பது 0 அல்லது 1.

இந்த 15 பைட்டும் முதலில் போய் இருக்கும் இடம் ரேம், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். விரலைவிட நீளமான பச்சைப் பட்டை, ஓரத்தில் தங்க நிறப் பற்கள். கணினி ஆன் ஆகாமல் பீப் பீப் என்று கத்தினால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமை எடுத்து அந்தப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் திரும்பப் பொருத்துவோம். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

ரேமுக்குள் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக நிற்கிறது. அது மண்குடத்து நீர் போலக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் கணினியே படித்துத் திரும்ப நிரப்புகிறது, அதாவது நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல். கரண்ட் நின்றால் நிரப்ப ஆளில்லை. அக்காவின் மூன்று மணி நேரம் அங்கேதான் கசிந்து போனது.

சேவ் கொடுத்திருந்தால் அந்தக் கணக்கு ஹார்ட் டிஸ்குக்குப் போயிருக்கும். அங்கே சுற்றும் தட்டுகளின் காந்தப் பூச்சில் எழுதப்படுவதால் கரண்ட் போனாலும் அழியாது. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்கில் 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். கொண்டது 50 லட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதை நிரப்பிவிடும்.

இப்போதைய மேசைக் கணினி டிஸ்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று, நொடிக்கு 120. அதன்மேல் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் மிதக்கிறது. நடுவில் உள்ள இடைவெளி தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது இடித்தால் முனை தட்டைக் கீறிவிடலாம். 'டக்... டக்...' என்று சத்தம் வர ஆரம்பித்தால் தயவுசெய்து உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதில்தான் மிச்சமிருப்பதும் போகிறது.

ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு இல்லை, எல்லாம் சில்லுதான். பழைய கணினி மெதுவாக இருக்கிறது என்று புதிது வாங்க நினைப்பவர்களிடம், முதலில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆன் ஆகும் நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் எஸ்எஸ்டி பல நேரம் சத்தமே காட்டாமல் நின்றுவிடும். தவறுதலாக அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் கஷ்டம்.

பென்டிரைவும் இதே வகைச் சில்லுதான். அதைப் பிடுங்கும் முன் 'இஜெக்ட்' கொடுங்கள். நகல் எடுத்து முடிந்தது என்று திரை காட்டினாலும் கடைசிப் பகுதி இன்னும் ரேமிலேயே காத்திருக்கலாம்.

500 ஜிபி டிஸ்க் வாங்கினேன், 465தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று பலர் கேட்கிறார்கள். ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024 மடங்காக எண்ணி 107 கோடியே 37 லட்சம் பைட் என்கிறது. இடம் ஒன்றுதான், அளக்கும் படி வேறு.

அந்த 100 கோடி பைட்டில் எவ்வளவு அடங்கும் தெரியுமா? ஒரு தமிழ்ப் பக்கத்துக்கு 5,000 பைட் என்று வைத்தால் 2 லட்சம் பக்கம். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் வாழ்நாள் முழுக்க எழுதினாலும் சாதாரணமாக அவ்வளவு வராது. அதை இரண்டு இடத்தில் வைக்க இரண்டு பென்டிரைவ் போதும். கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என மூன்று பிரதி வையுங்கள்.

அந்த அக்கா மறுபடி உட்கார்ந்து முழுக் கணக்கையும் அடித்தார். போன மாதம் அவர் வீட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். பேசிக்கொண்டே அடிக்கிறார்; ஒவ்வொரு வரி முடியும்போதும் இடதுகை சுண்டுவிரல் கண்ட்ரோல் பொத்தானுக்கும், இன்னொரு விரல் எஸ்ஸுக்கும் தானாகப் போகிறது. ஒரு பென்டிரைவ் அவர் தங்கச்சி வீட்டு பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறதாம்.

நன்றி, வணக்கம்.