பல் டாக்டரிடம் போகும்முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

காட்சி: பல்லின் குறுக்குவெட்டுப் படம். வெளியே வெள்ளை, அடுத்து மஞ்சள், நடுவில் சிவப்பு.

"வலிக்கவே இல்லையே, எதுக்கு டாக்டர்கிட்ட போகணும்?"

பதில் இந்தப் படத்திலேயே இருக்கிறது. வெளியே வெள்ளையாக இருப்பது எனாமல். அதில் நரம்பு கிடையாது. சொத்தை அங்கே மாதக்கணக்கில் குடியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அதைத் தாண்டி மஞ்சள் நிற டென்டினுக்குள் வந்தபிறகுதான் இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் சுருக்கென்று இருக்கும். பெரும்பாலும் அப்போது ஒரு ஃபில்லிங்கோடு வேலை முடிந்துவிடும். ராத்திரி தூங்கவிடாமல் தானாகவே விண்விண்ணென்று தெறிக்கிறதென்றால் சிவப்புப் பகுதிவரை, அதாவது நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழ்வரை பாதிப்பு போய்விட்டது. இனி அந்தக் கூழை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனால், இல்லையேல் பல்லை எடுக்க வேண்டியதுதான்.

இப்படித் தெறித்த வலி ஒரு நாள் தானாகவே நின்றுபோகும். சந்தோஷப்படாதீர்கள். உள்ளே நரம்பு செத்திருக்கும். அடுத்து வேருக்கு அடியில் சீழ் கட்டும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை வீக்கத்தைக் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும், அவ்வளவுதான். செத்த கூழுக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச்சேர வழியே இல்லை.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போவது? ஆறு மாதம் என்பது பழகிப்போன கணக்கு. எல்லோருக்கும் ஒரே இடைவெளி தேவையில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2004-ல் தந்த வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை, 18 வயதுக்குக் கீழே அதிகபட்சம் 12 மாதம் என்று இருக்கிறது. சர்க்கரை நோய், புகைப்பழக்கம், அடிக்கடி சொத்தை இவற்றில் ஏதாவது இருந்தால் இடைவெளி குறையும்.

காட்சி: கீழ் முன்பற்களின் உள்பக்கம். இடுக்கு முழுக்க மஞ்சள் காரை.

"க்ளீனிங் பண்ணா பல்லு ஆடும்னு சொல்றாங்களே?"

இந்தப் பயத்தாலேயே பல்லை இழந்தவர்கள் ஏராளம், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். பல்லில் படியும் மெல்லிய அழுக்குப்படலத்தைத் தேய்க்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து அது சில நாளிலேயே இறுக ஆரம்பிக்கும். இறுகிய காரையை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. க்ளீனிங் செய்யும் ஸ்கேலர் கருவியின் முனை நொடிக்குச் சுமார் 25,000 முதல் 45,000 தடவை அதிர்ந்து அதை உதிர்க்கிறது. முனை சூடாகாமல் இருக்கத்தான் கூடவே தண்ணீர் பீய்ச்சுகிறது.

சரி, பிறகு ஏன் பல் ஆடுவதுபோல் தோன்றுகிறது? காரை ஈறுக்கு அடியில் இறங்கினால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு மெல்லக் கரையும். எலும்பு குறைந்த பற்களைக் காரையே சிமென்ட் பூசியதுபோல் ஒட்டிவைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. இடைவெளி விழுந்ததுபோல் இருப்பதும் இப்படித்தான்: காரை அடைத்திருந்த இடம் காலியாகிறது, வீங்கியிருந்த ஈறும் வற்றிச் சுருங்குகிறது. வேர்ப்பகுதி திறந்துகொள்வதால் சில நாள் கூச்சம் இருக்கும். கூச்சத்துக்கான பேஸ்ட்டைப் போட்டால் குறையும். இரண்டு வாரம் தாண்டியும் குறையாவிட்டால் திரும்பக் காட்டுங்கள்.

"ஊசி போட்டும் எனக்கு வலிச்சுதே?"

பொய்யில்லை, வலித்திருக்கும். சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலத்தன்மையாக மாறிவிடும், அங்கே மரத்துப்போகும் மருந்து நரம்புக்குள் நுழையத் திணறும். வீக்கத்தோடு வருபவர்களிடம் சில சமயம் முதலில் சீழை வடித்துவிட்டு, இன்னொரு நாள் வரச்சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேல் பல்லுக்குப் போடும் ஊசி இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை செய்யும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு எலும்பு கெட்டி என்பதால் நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்திலேயே போடவேண்டும். உதடு பாதி தடித்ததுபோல் ஆகும்வரை காத்திருங்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஊசிக்குப் பிறகு கொஞ்ச நேரம் நெஞ்சு படபடத்தால், பெரும்பாலும் மருந்தில் கலந்திருக்கும் அட்ரினலின்தான் காரணம். ஆனாலும் சொல்லிவிடுங்கள். சிகிச்சை நடக்கும்போது பேசமுடியாது, அதனால் வலித்தால் இடது கையைத் தூக்குவேன் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

உதட்டின் மரப்பு போக மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகும். அதுவரை குழந்தையின் பக்கத்திலேயே இருங்கள். உணர்ச்சி இல்லாத உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

எக்ஸ்ரே பற்றிப் பெரிதாகக் கவலைப்பட எதுவுமில்லை. வாய்க்குள் வைத்து எடுக்கும் ஒரு சின்னப் படத்தின் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து ஏறக்குறைய ஒரு நாளில் நம்மேல் படும் அளவைத் தாண்டாது. இரண்டு பல் ஒட்டும் இடத்துச் சொத்தை பெரும்பாலும் இதில்தான் பிடிபடும். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்; தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம்வரை நாற்காலியில் சாய்ந்திருக்கவும் வசதியாக இருக்கும்.

காட்சி: மாத்திரைப் பட்டைகள்.

சாப்பிடும் எல்லா மாத்திரையையும் பட்டையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. பல் எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்தால் அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம், மூளையில் ரத்தக்கட்டி அடைத்தால் அப்படிச் செய்ய முடியாது. எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள், செயற்கை இதய வால்வு உள்ளவர்கள் இருவரும் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றில் வரக்கூடாது: சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டு, காலை நேரத்தில் வரட்டும்.

"பால் பல்லுதானே, விழுந்துடும். எதுக்குச் செலவு?"

பின்பக்கப் பால் பல் 10 முதல் 12 வயதுவரை வாயில் இருக்கும். முன்பே எடுத்தால் பக்கத்துப் பல் சரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, பெற்றோர் அடிக்கடி ஏமாறுவது: ஏறக்குறைய 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பல்வரிசையின் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கும். அது பால் பல் இல்லை, ஆயுள் முழுக்க இருக்கவேண்டிய நிரந்தரப் பல். முளைக்கும்போதே அதன் பள்ளங்களை சீலன்ட் போட்டு அடைக்கலாமா என்று கேளுங்கள். பேஸ்ட் அளவு 3 வயதுவரை அரிசி மணி, பிறகு பட்டாணி.

பல் எடுத்தபின் பஞ்சை அரை மணி நேரமாவது அழுத்திக் கடித்திருங்கள். ஐந்து நிமிடத்துக்கொருமுறை எடுத்துப் பார்த்தால் ரத்தம் எப்படி நிற்கும்? 24 மணி நேரம் துப்பக்கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக்கூடாது, சிகரெட் கூடாது. ரத்தக்கட்டி கழன்றால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாளில் காதுவரை வலி ஏறும். உப்புத்தண்ணீர் கொப்பளிப்பதெல்லாம் மறுநாளிலிருந்து.

நாள் குறிக்காமல் ஓடவேண்டியது எப்போது? முகம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ வாயைத் திறக்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு. அடிபட்டு நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் லேசாக அலசி, பல்குழியிலேயே திருப்பி வைத்து துணியைக் கடித்தபடி கிளம்புங்கள். முடியவில்லையா, பாலில் போட்டு எடுத்துப்போங்கள். அரை மணிக்குள் போனால் நல்லது. பால் பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்காதீர்கள். அடியில் வளரும் நிரந்தரப் பல் அடிபடும்.