பாளையங்கோட்டை பட்டாளத்தை ஓடவிட்ட தேனீக்கள்! கடைசிவரை பிடிபடாத ஜெர்மன் தளபதியின் கதை

[திரையில்: தென்னந்தோப்பு. தேனீக்களின் இரைச்சல் மட்டும்.]

1914 நவம்பர். கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்று ஒரு துறைமுகம். 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படை கப்பலில் வந்து இறங்குகிறது. எதிரில் இருப்பவர்கள் சுமார் 1,000 பேர். நான்காம் நாள் என்ன நடந்தது தெரியுமா? வந்தவர்கள் 16 இயந்திரத் துப்பாக்கிகளையும் 6 லட்சம் தோட்டாக்களையும் கரையிலேயே போட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்கள். சிதறி ஓடிய பட்டாளங்களில் ஒன்றின் பெயர், 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. ஆமாம், நம்ம திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் அதே பாளையங்கோட்டைதான்.

[தலைப்பு இசை]

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கதாநாயகன் பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக். வாயில் நுழையாத பெயர், அதனால் இனிமேல் லெட்டோ. கதாநாயகன் என்று சொன்னதை வீடியோ முடிவதற்குள் நானே கொஞ்சம் வாபஸ் வாங்குவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முன்கதையை வேகமாக முடித்துவிடலாம். 1870-இல் பிறந்தவர், ராணுவக் குடும்பம். 1900-இல் சீனா. அப்புறம் இன்றைய நமீபியா. அங்கே ஹெரெரோ, நாமா மக்களை ஜெர்மன் படை கொன்று குவித்தது. அந்தப் படையில் இவரும் ஓர் அதிகாரி. கண்ணில் காயம் பட்டது அங்கேதான். 1914 ஜனவரியில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குத் தளபதியாக வந்து சேர்கிறார். இன்றைய தான்சானியாவின் நிலப்பகுதி, ருவாண்டா, புருண்டி எல்லாம் சேர்ந்த இடம் அது. ஆகஸ்டில் உலகப்போர் தொடங்குகிறது. ஆளுநர் ஷ்னே, "நமக்கு எதற்குச் சண்டை, சும்மா இருப்போம்" என்கிற கட்சி. லெட்டோ கேட்கவில்லை. இங்கே ஜெயிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் தன்னைத் துரத்துவதற்காக ஆப்பிரிக்காவுக்கு வரும் ஒவ்வொரு சிப்பாயும் பிரான்ஸ் போர்முனைக்குப் போக முடியாத சிப்பாய். நான்கு வருடமும் அவர் ஓட்டியது இந்த ஒரு கணக்கைத்தான்.

சரி, டாங்காவுக்குப் போவோம். என்னை விட்டால் இதை மட்டுமே ஒரு மணி நேரம் பேசுவேன்.

[திரையில்: டாங்கா துறைமுக வரைபடம்]

நவம்பர் 2. ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் வருகிறது. திடீரென்று தாக்கியிருக்கலாம். அதன் கேப்டனோ ஊர் அதிகாரியைக் கூப்பிட்டு, "ஒரு மணி நேரம் தருகிறேன், சரணடைந்துவிடுங்கள்" என்கிறார். அதோடு விட்டாரா? "துறைமுகத்தில் கண்ணிவெடி வைத்திருக்கிறீர்களா?" என்று எதிரியிடமே விசாரிக்கிறார்! ஜெர்மன்காரர் என்ன சொல்வார்? "நிறைய இருக்கிறது." உண்மையில் ஒன்றுகூடக் கிடையாது. இல்லாத வெடியைத் தேடித் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் தந்தி பறந்து, கிளிமஞ்சாரோ அடிவாரத்திலிருந்து லெட்டோவின் ஆட்கள் ரயில் ஏறிவிட்டார்கள். லெட்டோ என்ன செய்தார் தெரியுமா? இரவோடு இரவாக ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு காலியான ஊருக்குள் போய், எதிரி எங்கே இருக்கிறான் என்று நேரிலேயே நோட்டம் பார்த்துவிட்டு வந்தார். 44 வயது தளபதி, சைக்கிளில்!

வந்திறங்கிய படையின் நிலைமையைப் பாருங்கள். பம்பாயிலிருந்து நெரிசலான கப்பலில் நாள்கணக்காக வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்கள். பலருக்குப் புதுத் துப்பாக்கியே கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கைக்கு வந்தது. மதராஸ் மாகாணத்து ஆட்களை "போர்வீர இனம் இல்லை" என்று முத்திரை குத்தி வருடக்கணக்கில் ஒதுக்கி வைத்திருந்த அதே அரசு, ஆள் தேவைப்பட்டதும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. நவம்பர் 4-ஆம் தேதி உச்சிவெயிலில், முன்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத புதருக்குள் "நட" என்றால்? பாளையங்கோட்டை பட்டாளம் உடைந்தது. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை, அனுப்பியவர்கள்மேல்தான் வருகிறது. அதே நாளில் காஷ்மீர் ரைஃபிள்ஸ் வீரர்கள் ஊருக்குள்ளேயே நுழைந்து சண்டை போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது தேனீ. அந்த ஊரில் மரத்துண்டைக் குடைந்து, தேன்கூடு வைப்பதற்காக மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். தோட்டாக்கள் அதில் போய்த் துளைத்தன. ஆப்பிரிக்கத் தேனீயைப் பற்றித் தெரியாதவர்கள், நம் ஊர் மலைத்தேனீயை நினைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்கு முன்னால் நின்றவன்கூட அதற்கு முன்னால் நிற்க மாட்டான். ஜெர்மனி தேனீக்களுக்குப் பயிற்சி கொடுத்து ஏவிவிட்டது என்று வதந்தியே கிளம்பியது. ஆனால் தேனீக்குக் கட்சி ஏது? லெட்டோவின் இயந்திரத் துப்பாக்கிக்காரர்களையும் அது ஓட ஓடக் கொட்டியது.

தலைப்பில் கொஞ்சம் ஏமாற்றிவிட்டேன், மன்னித்துவிடுங்கள். தேனீக்களிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது 98-ஆம் இந்தியக் காலாட்படையும், கூட வந்த இங்கிலாந்தின் லங்காஷைர் பட்டாளமும். பாளையங்கோட்டைக்காரர்களை ஓடவிட்டது இயந்திரத் துப்பாக்கி. அதைத் தலைப்பில் போட்டிருந்தால் இந்நேரம் நீங்கள் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பீர்கள்.

1915 ஜனவரியில் ஜாசின் என்ற இடத்தில் இன்னொரு வெற்றி. ஆனால் நல்ல அதிகாரிகளும் தோட்டாக்களும் போய்விட்டன. அதன்பிறகுதான், நேருக்கு நேர் மோதுவதைக் குறைத்து, ரயில் பாதையைத் தகர்ப்பது, அடித்துவிட்டு மறைவது என்று முழுக்கக் கெரில்லாவாக மாறுகிறார்.

[திரையில்: சக்கரத்தில் ஏற்றிய கப்பல் பீரங்கி]

"அவன் சரியான எம்டன்பா" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன். அதில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. அதே வகைப் பீரங்கி பத்தோடு கோனிக்ஸ்பெர்க் என்ற கப்பல், ஆப்பிரிக்காவில் ருஃபிஜி ஆற்றுக் கழிமுகத்துக்குள் பதுங்கி, 1915 ஜூலையில் அங்கேயே மூழ்கியது. லெட்டோவின் ஆட்கள் தண்ணீரிலிருந்து பத்துப் பீரங்கிகளையும் தூக்கி, சக்கரம் மாட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போனார்கள். சென்னை எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதே, அந்த ரகப் பீரங்கி புதருக்குள் உருண்டு போவதை நினைத்துப் பாருங்கள்!

1916-இல் பிரிட்டிஷ் தரப்பின் தளபதி, தென்னாப்பிரிக்காக்காரர் ஸ்மட்ஸ் பெரும்படையோடு துரத்துகிறார். லெட்டோ பின்வாங்குகிறார், பிடிபடவில்லை. ஜெர்மனியின் உயரிய போர் விருதான "பூர் லெ மெரீட்" அவருக்குக் கிடைத்த செய்தியைக் கடிதம் எழுதிச் சொன்னதே துரத்திக்கொண்டிருந்த ஸ்மட்ஸ்தான். மருந்து தீர்ந்தபோது மரப்பட்டையைக் கொதிக்கவைத்து மலேரியாக் கஷாயம் போட்டார்கள். குடித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் "லெட்டோ சரக்கு". நிலவேம்புக் கஷாயம் குடித்த முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

1917 நவம்பரில் ஜெர்மனி எல்-59 என்ற ராட்சத ஆகாயக்கப்பலில் சுமார் 15 டன் சாமான்களை பல்கேரியாவிலிருந்து அனுப்பியது. திரும்பி வரும் திட்டமே இல்லை. போய் இறங்கியதும் அதைப் பிரித்து, துணியைக் கூடாரமாக்கிக்கொள்ள வேண்டும். கார்ட்டூம் அருகே வரும்போது "திரும்பி வா" என்று வானொலிச் செய்தி. இறங்காமலே 95 மணி நேரம் பறந்து வீடு திரும்பியது. பிரியாணியோடு வாசல்வரை வந்த டெலிவரி தம்பி, அழைப்பு மணியை அடிக்காமலே போன மாதிரி!

இப்போது வாபஸ் வாங்கும் இடம்.

[இசை நிற்கிறது]

அந்தக் காட்டில் செட்ஸி ஈ கடித்துக் குதிரையும் கழுதையும் செத்து விழுந்தன. அப்படியானால் சுமையை யார் தூக்கியது? ஊர் ஊராகப் பிடித்து வந்த ஆப்பிரிக்கர்கள். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் செத்த சுமைதூக்கிகள் ஒரு லட்சத்தை ஒட்டி இருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். லெட்டோ தரப்பில் யாரும் ஒழுங்காக எண்ணவே இல்லை. இரு படைகளும் போன வழியெல்லாம் தானியத்தைப் பிடுங்கிக்கொண்டன, பின்னாலேயே பஞ்சம் வந்தது. தார் எஸ் ஸலாமில் கரியாக்கூ என்று பெரிய சந்தை இருக்கிறது. சுமைதூக்கிகளின் "கேரியர் கோர்" என்ற பெயர்தான் ஊர் வாயில் அப்படி ஆனது. "தோற்காத சிங்கம்" என்று லெட்டோவைப் பாடுகிறவர்கள் அந்தச் சந்தைப் பக்கம் ஒருமுறை போய்வரலாம்.

முடிவுக்கு வருவோம். 1917 கடைசியில் மொசாம்பிக், அப்புறம் இன்றைய ஜாம்பியா. போர் நவம்பர் 11-ஆம் தேதியே முடிந்துவிட்டது. இவருக்குத் தெரிந்தது 13-ஆம் தேதி, கடிதம் கொண்டுபோன பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் பிடிபட்டபோது. 1918 நவம்பர் 25-ஆம் தேதி அபர்கார்னில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். 155 ஜெர்மானியர்கள், 1,168 அஸ்கரிகள், அதாவது ஆப்பிரிக்கச் சிப்பாய்கள்.

லெட்டோ இறந்தது 1964-இல். அஸ்கரிகளுக்குப் பாக்கி இருந்த சம்பளத்தைக் கொடுக்க மேற்கு ஜெர்மனி முடிவு செய்தது அந்தக் காலத்தில்தான். அதைப் பற்றி இப்படியொரு கதை சொல்வார்கள். தான்சானியாவின் முவான்சா ஊரில் பணப்பெட்டியோடு ஒரு வங்கி அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் 350 கிழவர்கள் வரிசையில். லெட்டோ கையெழுத்திட்ட சீட்டு ஒரு சிலரிடம்தான் இருக்கிறது. மற்றவர்கள் சொல்வது நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதிகாரி ஒரு துடைப்பத்தை எடுத்து, முதல் கிழவர் கையில் கொடுத்து, ஜெர்மன் மொழியில் துப்பாக்கிப் பயிற்சி ஆணைகளைச் சொன்னார். கிழவர் துடைப்பத்தைத் தோளில் ஏற்றினார், இறக்கினார், நிமிர்ந்து நின்றார். அடுத்தவர், அதற்கு அடுத்தவர். ஒருவர்கூடத் தப்பாகச் செய்யவில்லையாம்.

அடுத்த வீடியோ எம்டன்தான். உங்கள் வீட்டில் "எம்டன்" பட்டம் யாருக்கு என்று கமெண்டில் போடுங்கள், படித்துக் காட்டுகிறேன். வரட்டுமா?